வெள்ள நிவாரணமும் கிராமக் கணக்கும்

(பாபநாசத்தில், சுற்று வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பொதிகை மலையில் பிறந்து வருகின்ற தாமிரபரணி, மலையை விட்டுச் சமவெளியில் காலடி வைக்கும் இடம் இந்தப் பாபநாசம். இங்கே அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டுதான், அம்பாசமுத்திரத்திலிருந்து ஆத்தூர் வரையிலுள்ள குடியானவர்கள் கார் சாகுபடிக்கும் பிசான சாகுபடிக்கும் ஏர் பூட்டுவது வழக்கம். 143 அடி கொள்ளளவுள்ள பாபநாசம் அணையும், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் எழுந்த மணிமுத்தாறு அணையும், கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளும் நம்முடைய தண்ணீர்க் கவலையைப் பெரும்பாலும் தீர்த்து வைத்திருக்கின்றன. ஆனால் தண்ணீர் அளவுக்கு மீறி வந்துவிட்டால் உழவனுடைய கதி என்ன என்ற கேள்வியை 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நம் எல்லோர் முன்பும் வைத்தது.

அந்தக் கேள்வியின் ஒரு பகுதியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். வெள்ளத்திலும் வறட்சியிலும் பயிரையும் கால்நடையையும் இழந்தவருக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை எங்கிருந்து வருகிறது, எந்த விதிப்படி வருகிறது, சிலருக்கு ஏன் வராமலே போகிறது, வராமற்போனதை வரச்செய்யப் பஞ்சாயத்து என்ன செய்யக்கூடும் என்பவை இன்றைய பேச்சின் பொருள்.

இரண்டு நாள் மழை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் தென்மாவட்டங்களில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 18-ஆம் தேதி காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் ஏறத்தாழ 69, ஸ்ரீவைகுண்டத்திலும் மூலைக்கரைப்பட்டியிலும் ஏறத்தாழ 62 சென்டிமீட்டர். ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழை ஒரு பகலும் ஓர் இரவுமாகக் கொட்டித் தீர்த்தது. மலையிலும் மழை, சமவெளியிலும் மழை. அணைகளிலிருந்து வெளியேறிய நீரோடு காட்டாறுகளின் நீரும் சேர்ந்து கொண்டது. குளங்கள் பல உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே வெளியேற வழியின்றி நின்றதை நாடே அறியும்.

பிசானத்துக்கு நட்ட இளம்பயிர் நீரில் அழுகியது. நடவுக்குக் காத்திருந்த நாற்றங்கால் மணலுக்கு அடியில் போயிற்று. ஆற்றோரத்து வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன. தொழுவத்தில் கட்டியிருந்த மாடுகளும், வயலில் கிடை போட்டிருந்த ஆடுகளும் வெள்ளத்தோடு போயின.

இது நமக்குப் புதிதும் அன்று. 1992 நவம்பரில் மாஞ்சோலை மலையில் காக்காச்சித் தோட்டத்தில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து, பாபநாசம் வட்டாரம் பட்ட பாட்டை முதியவர்கள் அறிவார்கள். 2023-க்கு மறு ஆண்டு டிசம்பரிலும் மலையில் பெருமழை பெய்து ஆறு கரைபுரண்டது. ஆகையால், மறுபடியும் வருமா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. வரும்போது நாம் எந்த நிலையில் இருப்போம் என்று யோசிப்பதே தக்கது.

அரசாங்கம் கொடுத்தது

2023 டிசம்பர் 21-இல் தமிழ்நாடு அரசு நிவாரணத் தொகைகளை அறிவித்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டை ஒன்றுக்கு 6,000 ரூபாய், மற்றப் பகுதிகளில் 1,000 ரூபாய். இது எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான உதவி. உழவர்களுக்கு உரியவை தனி.

நெல் முதலிய பாசனப் பயிர்களில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் ஏற்பட்டிருந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். முன்பு இது 13,500 ஆக இருந்தது. பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் ஹெக்டேருக்கு 18,000-லிருந்து 22,500 ஆயிற்று. மானாவாரிப் பயிர்களுக்கு 7,410-லிருந்து 8,500 ஆயிற்று. பசு, எருமை இறந்தால் 30,000-க்குப் பதிலாக 37,500 ரூபாய்; வெள்ளாடு, செம்மறியாடு இறந்தால் 3,000-க்குப் பதிலாக 4,000 ரூபாய்.

இந்தத் தொகைகள் பெரியவைதாமா என்று பார்ப்போம். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஆகவே நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 6,880 ரூபாய் கிடைத்தது. இரண்டு ஏக்கர் பிசானம் நட்டவருக்கு 13,760 ரூபாய். உழவு, விதை, நடவுக் கூலி, உரம் என்று அவர் செலவழித்ததை நீங்களே கூட்டிப் பாருங்கள். மகசூலின் மதிப்பை இதனோடு ஒப்பிடவே முடியாது.

நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு

இங்கே ஒரு சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். இந்தத் தொகைக்கு விதிகளில் இட்டிருக்கும் பெயர் இடுபொருள் மானியம் என்பதாகும். போன பயிரின் விலையைக் கொடுப்பதாக அரசாங்கம் சொல்லவில்லை. அடுத்த விதைப்புக்கு விதையும் உரமும் வாங்கக் கைகொடுப்பதாகத்தான் சொல்கிறது. இந்த வேறுபாட்டை அறியாதவர்கள், கிடைத்த தொகையைப் பார்த்து மனம் கசந்து, அடுத்த முறை விண்ணப்பிக்கவே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அது நமக்கே நஷ்டம்.

இந்த ஏற்பாடு இன்றைக்கு முளைத்ததும் அன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். அதன் பின்பு அமைந்த பஞ்சக் கமிஷன் 1880-இல் அறிக்கை கொடுத்தது. பஞ்சம் வந்தால் அதிகாரிகள் இன்னின்னது செய்ய வேண்டும் என்ற பஞ்ச விதிகள் பிறந்தன. 1883-இல் நில அபிவிருத்திக் கடன் சட்டமும், 1884-இல் விவசாயிகள் கடன் சட்டமும் வந்தன. நம் பாட்டனார்கள் தக்காவிக் கடன் என்று சொன்னது இதைத்தான். பயிர் சாவியாய்ப் போன வயலுக்குத் தீர்வை வஜா செய்வதும் அந்நாளில் வழக்கம். அன்றைக்குக் கிடைத்ததெல்லாம் கடனும் வரித் தள்ளுபடியுமே.

சுதந்திர இந்தியாவில் இது உரிமையின் வடிவம் பெற்று வந்தது. 1990-இல் ஒன்பதாவது நிதிக்குழுவின் யோசனைப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் பேரிடர் நிவாரண நிதி ஏற்பட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய மறு ஆண்டு, 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறிற்று. அதன் கீழ் 2010 முதல் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி நடந்து வருகிறது. நம்மைப் போன்ற மாநிலங்களில் இந்த நிதியின் நான்கில் மூன்று பங்கை மத்திய அரசும் ஒரு பங்கை மாநில அரசும் போடுகின்றன.

விதிகளும் காலத்துக்குத் தக்கபடி தளர்ந்து வந்துள்ளன. பயிரில் பாதிக்குப் பாதி அழிந்தால்தான் உதவி என்று இருந்ததை, மூன்றில் ஒரு பங்கு அழிந்தாலே உதவி என்று 2015 ஏப்ரலில் மாற்றினார்கள். 2016-17 வறட்சியில் தமிழ்நாட்டில் நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் கொடுத்தது இந்த மாறிய விதிப்படிதான்.

2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த விதிகளில் வேறு சில நுட்பங்களும் உள்ளன. ஒருவருக்கு எவ்வளவு நிலம் இருந்தாலும் இரண்டு ஹெக்டேர் வரைதான் கணக்கு. பாசனப் பயிருக்கு 2,000 ரூபாய்க்கும், மானாவாரிக்கு 1,000 ரூபாய்க்கும், பல்லாண்டுப் பயிருக்கு 2,500 ரூபாய்க்கும் குறையாமல் கொடுக்க வேண்டும். ஆகையால் பத்து சென்ட் வைத்திருப்பவர், "நமக்கு என்ன வந்துவிடப் போகிறது" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்துவிட்டால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் உண்டு. இது சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். ஆறு தடம் மாறி நிலமே போய்விட்டால் அவர்களுக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய் வரை உண்டு. ஆற்றோரக் கிராமங்களில் பலருக்கு, பயிருக்கு உதவி உண்டு என்பது தெரிகிறது. மணல் மேடிட்ட நிலத்துக்கும் உண்டு என்பது தெரிவதில்லை. தொகைகள் காலத்துக்குக் காலம் மாறும். கணக்கெடுக்கும் முறையில் அத்தனை மாற்றம் வருவதில்லை. அந்த முறையை அறிந்திருப்பதே முக்கியம்.

வயலிலிருந்து டில்லி வரை

வெள்ளம் வடிந்ததும் வருவாய்த் துறை, வேளாண்மைத் துறை, தோட்டக்கலைத் துறை அலுவலர்கள் சேர்ந்து கணக்கெடுக்க வருகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் முதல் ஆவணம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல். எந்தப் புல எண்ணில், எந்த உட்பிரிவில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர், எந்தப் பாசனத்தில், யார் சாகுபடி செய்கிறார் என்பதையெல்லாம் பசலி ஆண்டுதோறும் எழுதி வைக்கும் கணக்கு அது. 1980 வரை கர்ணங்கள் எழுதினார்கள். பின்பு கிராம நிர்வாக அலுவலர்கள் எழுதுகிறார்கள். இப்போது கணினியிலும் ஏறுகிறது. 2024 நவம்பரில் வேளாண்மைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு வயல் வயலாகக் கைப்பேசியில் பயிர்க் கணக்கு எடுத்ததை நீங்கள் அறிவீர்கள். கருவி மாறினாலும் எழுதப்படும் விவரம் ஒன்றுதான்.

அந்த அடங்கலில் உள்ளதை வயலில் உள்ள சேதத்தோடு ஒப்பிட்டுப் பட்டியல் எழுதுகிறார்கள். கிராமப் பட்டியல்கள் சேர்ந்து வட்டத்தின் பட்டியல். வட்டங்கள் சேர்ந்து மாவட்டத்தின் கணக்கு. மாவட்டங்கள் சேர்ந்து மாநிலத்தின் கோரிக்கை மனு. மாநில நிதி போதாதபோது அந்த மனு டில்லிக்குப் போகிறது. மத்தியக் குழு வந்து பார்க்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்காகத் தமிழ்நாடு ஏறத்தாழ 18,000 கோடி ரூபாய் கேட்டது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு அனுமதித்தது ஏறத்தாழ 397 கோடி. நிவாரணம் போதாது என்று தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த வழக்காட்டம் மேலிடத்தார் செய்ய வேண்டியது. நம் கையில் இருப்பது அடியிலுள்ள கணக்கு. அடங்கலில் இல்லாத பயிர் கிராமப் பட்டியலில் இராது. கிராமப் பட்டியலில் இல்லாதது டில்லிக்குப் போகும் மனுவிலும் இராது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. நிவாரண விஷயத்தில், ஏட்டில் ஏறாத சுரைக்காய்தான் கறிக்கு உதவாமற் போகிறது.

பணம் எங்கே நின்றுவிடுகிறது?

சேதம் உண்மையாயிருந்தும் பணம் வராமற்போவதற்குப் பொதுவாக நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, பட்டா இறந்துபோனவர் பெயரில் இருப்பது. தகப்பனார் காலமாகி இருபது ஆண்டு ஆகியிருக்கும். மக்கள் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டு உழுகிறார்கள். பட்டா மட்டும் அவர் பெயரிலேயே இருக்கிறது. வெள்ளம் வந்த பின்பு இறப்புச் சான்றுக்கும் வாரிசுச் சான்றுக்கும் அலைவதற்குள் பட்டியல் முடிந்துவிடுகிறது. கணவனை இழந்த தாய்மார்கள் இதனால் அடையும் துன்பம் அதிகம்.

இரண்டாவது, கூட்டுப் பட்டா. ஐந்து பேர் பெயர் சேர்ந்திருக்கும். பயிர் வைத்தவர் ஒருவர். மற்ற நால்வரில் இருவர் மும்பாயிலும் கோயம்புத்தூரிலும் இருப்பார்கள். யார் கணக்கில் பணத்தைச் செலுத்துவது என்ற கேள்வியிலேயே மனு தங்கிவிடுகிறது.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. இப்போது உதவித்தொகை நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. இடையில் கை வைப்பார் இல்லை. இது நல்ல ஏற்பாடு. ஆனால் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், கணக்கு நெடுநாள் இயங்காமல் இருந்தாலும், ஆதார் எண் வேறு கணக்கோடு இணைந்திருந்தாலும் பணம் திரும்பிவிடுகிறது.

நான்காவது காரணம் மற்ற மூன்றையும்விடப் பெரியது. அது குத்தகைச் சாகுபடி. இந்த ஆற்றுப் பாசனத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் வெளியூர்வாசிகளின் நிலமும் ஏராளம் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. உழுகிறவர் ஒருவர், பட்டாதாரர் ஒருவர். குத்தகை வாய்ச்சொல்லில் நடக்கிறது. அடங்கலில் சாகுபடிதாரர் என்ற இடத்திலும் நிலக்காரர் பெயரே நிற்கிறது. வெள்ளத்தில் விதையும் கூலியும் உரமும் இழந்தவர் குத்தகைதாரர். இடுபொருள் மானியம் போய்ச் சேருவது நிலக்காரர் கணக்கு. விதைத்தவனுக்கு மறுபடி விதைக்கக் கைகொடுப்பதே இந்த மானியத்தின் நோக்கம் என்று முன்னே சொன்னேன். விதைக்காதவர் கணக்கில் அது சேர்ந்தால், சர்க்கார் பணமும் செலவாகிறது, நோக்கமும் நிறைவேறுவதில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இலேயே வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே 1969-இல் ஒரு சட்டம் வந்தது. ஆயினும், பெயரைப் பதிந்துவிட்டால் நிலமே கைவிட்டுப் போய்விடுமோ என்று நிலக்காரருக்கு அச்சம். பதியச் சொன்னால் அடுத்த பசலிக்கு நிலத்தைத் தரமாட்டாரோ என்று குத்தகைதாரருக்கு அச்சம். இரண்டு அச்சங்களுக்கும் நடுவில் உண்மை எழுதப்படாமல் கிடக்கிறது.

நிலக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நிலத்தில் வேர்வை சிந்துகிறவர் வெள்ளத்தில் முறிந்துபோனால், அடுத்த கார் சாகுபடிக்கு அந்த வயல் தரிசாகத்தான் கிடக்கும். அவர் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்வது உங்கள் குத்தகையையும் காப்பாற்றும். பதிவில் சிக்கல் தீரும் வரையில், உங்கள் கணக்குக்கு வந்த இடுபொருள் மானியத்தைப் பயிரிட்டவரிடம் பஞ்சாயத்தார் முன்னிலையில் கொடுத்துவிடுவது அறத்துக்கும் பொருந்தும், ஊர் ஒற்றுமைக்கும் பொருந்தும்.

ஆடு மாடு வைத்திருப்போர்

பயிருக்கு அடங்கல் உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிராமத்தில் இல்லை. இறந்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும்; கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை எழுத வேண்டும். வெள்ளம் அடித்துக்கொண்டு போன மாட்டை எங்கே தேடிக் காட்டுவது? நாற்றம் தாங்காமல் அன்றே புதைத்துவிட்ட ஆட்டுக்கு யார் சான்று சொல்வது?

கிடை ஆட்டுக்காரர்கள் நிலை இன்னும் கடினம். அறுவடை முடிந்த வயல்களுக்கு எருவுக்காகக் கிடை அமர்த்த இராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் மந்தைகள் வருகின்றன. வயலுக்கு உரம் கொடுப்பவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுடைய குடும்ப அட்டை ஓர் ஊரில், ஆடு வேறோர் ஊரில். வெள்ளம் வந்தால் எந்த ஊர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறும்?

இதிலும் உச்ச வரம்பு உண்டு. மேலே சொன்ன விதிகளின்படி, குடும்பத்துக்குக் கறவை மாடு மூன்றுக்கும், ஆடு முப்பதுக்கும் மேல் கணக்கில்லை. கோழிக்கு ஒன்றுக்கு 100 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் இல்லை. இருநூறு ஆடுகளை இழந்தவருக்கும் முப்பது ஆட்டுக்கு உரிய 1,20,000 ரூபாய்தான். வரம்பு நியாயமானதா என்று வாதிட இடம் உண்டு. அந்த முப்பதுக்காவது சான்று இருக்கிறதா என்பதே நாம் முதலில் பார்க்க வேண்டியது.

அமெரிக்க நாட்டிலே பரந்த மேய்ச்சல் நிலங்களில் ஆயிரக்கணக்கில் மாடு வளர்க்கிறார்கள். அங்கே புயலிலோ பனியிலோ மாடு இறந்தால் சந்தை விலையில் 75 சதவீதம் வரை கொடுக்கும் திட்டம் உண்டு. 2023, 2024 ஆண்டுகளின் பேரிடர்களில் உழவர்களும் மாடு வளர்ப்போரும் அடைந்த இழப்புக்காக 2024 டிசம்பரில் அந்நாட்டுப் பாராளுமன்றம் 2,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிற்று. அத்தனை செல்வம் படைத்த நாட்டிலும், வாங்கிய சீட்டு, மருத்துவர் சான்று, தேதியிட்ட புகைப்படம், எண்ணிக்கைப் புத்தகம் இவற்றைக் காட்டினால்தான் பணம். கணக்கு வைத்திருப்பவனுக்கே உதவி என்பது உலகெங்கும் ஒரே விதியாக இருக்கிறது.

நம் மாடுகளுக்குக் காதில் மாட்டும் பன்னிரண்டு இலக்க எண் வில்லை இதற்கு ஓரளவு உதவும். அதை வேண்டாம் என்று தட்டிக்கழிக்காதீர்கள். மாட்டின் எண்ணையும் படத்தையும் வீட்டில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

காப்பீடு தனி

பலர் பயிர்க் காப்பீட்டையும் நிவாரணத்தையும் ஒன்றாக நினைக்கிறார்கள். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பிசான நெல்லுக்கு உழவர் செலுத்தியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். 2020 முதல் அதில் சேருவது அவரவர் விருப்பம். ஊரளவில் நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையில் மகசூல் குறைந்திருந்தால் இழப்பீடு கணக்கிடப்படுகிறது. குறிப்பிட்ட சில இடர்களால் தனி வயலில் நேரும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நிவாரணம் வாங்கினால் காப்பீடு இல்லை என்பதோ, காப்பீடு உண்டென்றால் நிவாரணம் வேண்டாம் என்பதோ தவறான எண்ணம். காப்பீட்டுக்கும் அடிப்படையாகக் கேட்பது அதே அடங்கல்தான் என்பதையும் கவனியுங்கள்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இனி, நாம் செய்ய வேண்டியதைக் காலவரிசையாகச் சொல்லுகிறேன்.

ஜமாபந்திக்கு முன்பு, இறந்தவர் பெயரில் பட்டா உள்ள குடும்பங்களை வார்டு வார்டாகக் கண்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் பத்துக் குடும்பங்களை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, பெயர் மாற்ற மனுவும் உட்பிரிவு மனுவும் கொடுக்கச் செய்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊர் முழுவதும் சீராகிவிடும்.

அக்டோபர் 2-ஆம் தேதியும் நவம்பர் 1-ஆம் தேதியும் கிராம சபை கூடும் நாட்கள். வடகிழக்குப் பருவமழை உச்சத்தை எட்டுவதற்கு முன்பு, பிசான வேலை தொடங்கும் சமயத்தில் அவை அமைந்திருப்பது நமக்கு நல்வாய்ப்பு. அந்தச் சபைகளில் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டுச் சாகுபடிதாரர் விவரத்தை வாசிக்கச் செய்யுங்கள். இன்ன வயலில் இன்னார் பயிர் செய்கிறார் என்பது ஊருக்குத் தெரியாத இரகசியம் அன்று. நூறு பேர் நடுவே வாசிக்கும்போது பொய் நிற்பது கடினம். குத்தகைதாரர் பெயர் விடுபட்டிருந்தால் அங்கேயே எடுத்துச் சொல்லி, தீர்மானத்திலும் எழுதி வையுங்கள்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் கால்நடைகளுக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வீட்டுக்காரர் பெயர், மாட்டின் எண், ஆட்டின் எண்ணிக்கை இவை போதும். வெளியூர்க் கிடை வந்து அமரும்போது, யாருடைய மந்தை, எத்தனை ஆடு, எந்த வயல், எந்தத் தேதி என்று குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். இதற்குச் சட்டம் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

வெள்ளம் வந்துவிட்டால், முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள். அதன் பின்பு, தண்ணீர் வடிவதற்குள் வயலைப் படம் எடுத்து வையுங்கள். கோயில் கோபுரமோ, மின்கம்பமோ, பனைமரமோ இடத்தைக் காட்டும்படி படத்தில் விழட்டும். இறந்த கால்நடையைப் புதைக்கும் முன்பு காது வில்லையோடு படம் எடுத்துக்கொண்டு, கால்நடை மருந்தகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே செய்தி அனுப்புங்கள்.

கணக்கெடுக்க வரும் அலுவலர்களோடு வார்டு உறுப்பினர் உடன் செல்ல வேண்டும். அவர்களோடு சண்டையிடுவதற்காக அன்று. எந்த மூலையில் எந்த வயல் இருக்கிறது என்று காட்டுவதற்காக. சாலையோர வயலைப் பார்த்துவிட்டு உள்வயலை ஊகத்தால் எழுதுவதை இது தடுக்கும். வாழை, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போர், தங்கள் பயிர் எந்த இனத்தில் எழுதப்பட்டது என்று அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். இனத்துக்குத் தக்கபடி தொகை வேறுபடும்.

பட்டியல் தயாரானதும் அதைப் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். விடுபட்டவர் உடனே எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கட்டும். வட்டாட்சியரிடம் தீராவிட்டால் சேரன்மகாதேவிக் கோட்ட அலுவலகத்திலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் முறையிடலாம். தகுதி இல்லாதவர் பெயர் ஏறியிருந்தால் அதையும் துணிந்து சொல்லுங்கள். பயிர் வைக்காதவர் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் பயிர் இழந்தவரின் நம்பிக்கையைக் குலைக்கும்.

கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ பயிர்க்கடன் வாங்கியவர்கள், சேதச் சான்றைக் கொண்டுபோய்த் தவணையை மாற்றியமைக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காதவருக்குத் தானாக மாறி வராது.

முடிவுரை

நண்பர்களே, பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு ஒழுங்காக இருப்பதால்தான் எட்டு அணைக்கட்டுகளிலும் மதகு திறக்க நாள் குறிக்க முடிகிறது. அதைப்போல ஊர் நிலத்தையும், அதில் உழைப்பவரையும், அவர் வளர்க்கும் உயிர்களையும் ஒழுங்காக எழுதி வைப்போமானால், அரசாங்கம் திறந்துவிடும் உதவியும் உரிய வயலுக்கு வந்து பாயும். கணக்கு தவறினால் அது வேறு வாய்க்காலில் ஓடிவிடும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்றார்கள் பெரியோர்கள். மழையை நிறுத்த நம்மால் ஆகாது. தொகையை உயர்த்தும் அதிகாரமும் கிராமப் பஞ்சாயத்துக்கு இல்லை. ஆனால் நம் ஊரில் பயிரிட்டவர் ஒருவர்கூடப் பெயர் விடுபட்டு நிற்கக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் முழுவதும் நம்மிடம் இருக்கிறது. அடுத்த கிராம சபையில் முதல் பொருளாக அடங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். குத்தகைதாரர் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.